ரேஷன் லாரிக்கு வைத்த துப்பாக்கி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள் இழுபறி. உட்காருவேன், இரண்டு வரி எழுதுவேன், அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவேன். பால் ஒரு சாக்கு. கூடப்பிறந்த தம்பியைப் பற்றியும் எழுத வேண்டி வருமே என்ற பயம்தான் நிஜம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத்து சரியாக வராது, கோபம் மட்டும் நன்றாக வரும். அதனால் இன்றைக்கு மாரியம்மனுக்கு விளக்கேற்றி, "தாயே, நடந்ததை நடந்தபடி எழுத வை, என் கோபம் இதில் ஒரு பொய்யைச் சேர்த்துவிடாமல் நீயே பார்த்துக்கொள்" என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா ராணுவத்தில் லாரி டிரைவர். மலை மேல் இருக்கிற முகாம்களுக்கு ரேஷன் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, வெங்காயம், மண்ணெண்ணெய். அவர் ஓட்டியது சக்திமான் லாரி. மூக்கு நீட்டிக்கொண்டு, பின்னால் தார்ப்பாய் கூண்டு போட்டு, பச்சையாக இருக்கும். பழைய ஆட்களுக்குத் தெரியும். சண்டை எதுவும் இல்லாத ஒரு மழைக்காலத்தில் மலை ரோடு சரிந்து, லாரியோடு பள்ளத்தில் போய்விட்டார். அங்கேயே தகனமும் செய்துவிட்டார்கள். அவரோடு வேலை பார்த்த இன்னொரு டிரைவர் அவருடைய டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்தக் கன்னட ஊரில் ஸ்ரீராம்புரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது விவரம் தெரிந்த பிள்ளை. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

அந்த மனுஷன் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். அம்மா அழவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"வண்டியில இன்னா இருந்தது அண்ணே?"

"மாவும் உருளைக்கிழங்கும்தான்மா. மேல இருக்கற பசங்களுக்கு."

"அப்புறம் அவங்களுக்குச் சாப்பாடு போச்சா?"

அவர் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டார். வேறு வண்டி போயிருக்கும், ராணுவத்தில் யாரையும் பட்டினி போட மாட்டார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அம்மாவுக்கு அது சமாதானமாகவே இல்லை. மேலே யாரோ அந்த லாரிக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது கடைசி வரை அவள் மனசில் தைத்த முள்.

என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் மெஷின்களுக்கு மரப்பெட்டி அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறார். பெட்டி அடித்து மிச்சமாகும் பைன் மரத் துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் வண்டி செய்வார். அதுவும் பழைய ராணுவ வண்டிகள்தான். கண்டோன்மென்ட் பக்கம் மேடை போட்டு நிறுத்தி வைத்திருக்கிற டாங்க்கைப் பார்த்து வந்து டாங்க் செய்தார். ஜோங்கா ஜீப் செய்தார், ஆம்புலன்ஸ் வண்டி செய்தார். ஆணி போட மாட்டார். எல்லாம் மரமுளைதான், கதவுக் கைப்பிடி வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க மரத்தூள். "பொம்மைக்காரனைக் கட்டிக்கிட்டேன்" என்று நான் திட்டுவேன். "நீ பெருக்கற சத்தம் கேட்டாத்தான் எனக்கு கை நல்லா ஓடுது" என்பார்.

அம்மா எங்களோடுதான் இருந்தாள். ஒருநாள் அவளாகவே அவரிடம் கேட்டாள். "மாப்ள, அவர் வண்டி ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?"

அவர் ஊரெல்லாம் தேடி, ஒரு மரக்கடையில் கட்டை தூக்குவதற்கு வைத்திருந்த பழைய சக்திமானைக் கண்டுபிடித்து, அந்தக் கடை ஆட்கள் சிரிக்கச் சிரிக்கச் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டு வந்தார். செய்து முடிக்க ஒரு ஆடியிலிருந்து அடுத்த ஆடி ஆனது. கைக்குழந்தை நீளத்தில் ஒரு லாரி. முன்சக்கரம் திரும்பும். பின்கதவு கீழே இறங்கும். தார்ப்பாய்க்கு என் பழைய பச்சைப் பாவாடை. அம்மா வேட்டித் துணியில் சின்னச் சின்ன மூட்டை தைத்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டு ஆயுத பூஜை வேறு மாதிரி ஆகிவிட்டது. எல்லார் வீட்டிலும் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் பொட்டு வைத்தால், எங்கள் வீட்டில் அந்த லாரிக்கு. அம்மா மூட்டைகளில் புது அரிசி நிரப்புவாள். கோலிக்குண்டு அளவு உருளைக்கிழங்காக மார்க்கெட்டில் பொறுக்கி வந்து ஒரு மூட்டையில் போடுவாள். சக்கரத்துக்குக் கீழே வைக்க எலுமிச்சம்பழம் ரொம்பப் பெரிசு, அதனால் சுண்டைக்காய். கற்பூரம் காட்டினதும் வீட்டுக்காரர் மெதுவாகத் தள்ளுவார், சுண்டைக்காய் நசுங்கும், லாரி சாமி அறையிலிருந்து அடுப்படி வரை போகும். அங்கே அம்மா மூட்டைகளை இறக்கிப் பிரித்து, அந்த அரிசியைப் பொங்கி, கிழங்கைப் பொரித்து, சந்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் போடுவாள். கடைசிப் பிள்ளை கை கழுவினதும், "வண்டி போய்ச் சேந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத பூஜை. ஆனாலும் அதைச் சாமி ஏற்றுக்கொண்டது என்று நான் கோயிலில் நின்று சொல்லுவேன்.

வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் ஒரு பெரிய அபார்ட்மென்டில் அலமாரி, கதவு ரிப்பேர் பார்க்கப் போவார். அங்கே குடியிருக்கிறவர்கள் சங்கத்துத் தலைவர் நம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், கம்ப்யூட்டர் வேலை, மரியாதையாகப் பேசுவார். இவருடைய போனில் வண்டிப் படங்களைப் பார்த்துவிட்டு, "சுதந்திர தினத்துக்கு எங்க கிளப் ஹவுஸ்ல டிஸ்ப்ளே வைக்கலாம் அண்ணா. எல்லாத்தையும் குடுங்க, பத்திரமா திருப்பித் தர்றேன்" என்றார். இவருக்கு வந்ததே பெருமை! எல்லா வண்டிகளையும் துடைத்து வைத்தார். லாரியைத் தரலாமா என்று அம்மாவைக் கேட்டோம்.

அம்மா யோசித்தாள். "வண்டி போவட்டும். நாலு பேர் பாக்கட்டும், இந்த மாதிரி ஒருத்தர் ரேஷன் கொண்டு போனார்னு. ஆனா மூட்டை போவக் கூடாது. செருப்புக் காலோட நடக்கற எடத்துல, சாமிக்கு வெச்ச சாப்பாட்டு மூட்டையை வெக்கறதா? தூ." மூட்டைகளை இறக்கி, மஞ்சள் துணியில் கட்டி, சாமி அறையில் வைத்துவிட்டாள். எங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் இப்படித் தோன்றும். லாரி காலியாகப் போனது.

தம்பிதான் அவன் ஆட்டோவில் வண்டிகளையெல்லாம் கொண்டுபோய் இறக்கினான். அங்கே தலைவர் அவனை, "இந்த லாரிக்கு என்ன கதை?" என்று கேட்டிருக்கிறார். "எங்கப்பா ஓட்டினது சார். மிலிட்டரியில உயிரை விட்டார்" என்று இவன் சொல்லியிருக்கிறான். அது வரைக்கும் பொய் இல்லை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

விழா அன்றைக்கு எங்கள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து சால்வை போர்த்தினார்கள். பளபளவென்று தரை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வண்டிகள். நடுவில் எங்கள் லாரி, அதற்கு மட்டும் தனி விளக்கு.

என் பாவாடைத் தார்ப்பாயைக் காணோம். கூண்டுக் கம்பிகளைக் காணோம். மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய துப்பாக்கி, நீட்டமாக, கறுப்பாக, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அங்கே குடியிருக்கிற யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிற மெஷினில் பிளாஸ்டிக்கில் செய்ததாம். ஆணி படாத அந்தப் பலகையில் ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னாங்க இது? போய்க் கேளுங்க!"

"இரு. விழா நடக்குது. அப்புறம் பேசிக்கலாம்."

"எப்ப அப்புறம்? அவங்க வீட்டுக் கட்டிலை நீங்க அறுத்துத் தொட்டிலாக்கினா சும்மா வுடுவாங்களா?"

"மெதுவா பேசுமா. எல்லாரும் பாக்கறாங்க."

அவர் சுபாவம் அப்படி. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அந்தப் பொறுமைதான் நல்ல வண்டி செய்யும். அதே பொறுமைமேல் அன்றைக்கு எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

தலைவர் மைக்கில் பேசினார். இங்கிலீஷ்தான். எனக்கு முழுசாகப் புரியாவிட்டாலும் எனிமி என்றால் என்னவென்று தெரியும். எனிமி, எனிமி என்று திரும்பத் திரும்ப வந்தது. பக்கத்தில் தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"டேய், இன்னாடா சொல்றாரு?"

"அப்பா துப்பாக்கி வெச்ச லாரியில தனியா நின்னு எதிரிங்களைச் சுட்டாராம் அக்கா. குண்டு தீர்ற வரைக்கும்."

"யாருடா சொன்னது?"

"சும்னிரு அக்கா. நல்லாத்தானே சொல்றாங்க?"

அப்புறம் மைக்கை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க. எங்களுக்கெல்லாம் பெருமை" என்றார் தலைவர். அம்மா மைக்கை அகப்பையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். அவள் கண் லாரியைவிட்டு நகரவில்லை.

"அவர் யாரையும் சுடலை," என்றாள். "சோறுதான் கொண்டு போனார். இந்தத் துப்பாக்கி அவருது இல்ல."

கைதட்டினார்கள்! எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தமிழ் தெரியாதவர்கள் ஏன் தட்டுகிறோம் என்று தெரியாமல் தட்டினார்கள். தமிழ் தெரிந்தவர்கள், பெரிய மனசுக்காரி, எவ்வளவு அடக்கம் என்று சொல்லித் தட்டினார்கள். தலைவர் மைக்கை வாங்கி அம்மா சொன்னதை இங்கிலீஷில் ஏதோ சொன்னார், கைதட்டல் இன்னும் கூடியது. அம்மா என்னைப் பார்த்து, "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? ஏன் தட்டறாங்கோ?" என்று கேட்டாள். அந்தக் கைதட்டல் சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது கூசுகிறது. ஒரு பெண் தன் புருஷன் என்ன செய்தான் என்று அவள் வாயால் சொல்கிறாள், அதைக் கைதட்டியே மூடிவிட்டார்கள்.

அதை யாரோ வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டார்கள். அது எங்கள் சந்துக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. வீடியோவுக்குக் கீழே எழுத்து. முதலில் வந்ததில் அப்பா எதிரிகளைச் சுட்டார். அப்புறம் வந்ததில் அடிபட்ட கையோடு சுட்டார். அதற்கும் அப்புறம் ஒன்று, அவர் அம்மாவுக்குக் கடைசியாகச் சொல்லி அனுப்பிய வசனத்தோடு வந்தது. அனுப்புகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி மசாலா போட்டார்கள். கடைசியில், உண்மையான இந்தியன் என்றால் பகிரவும் என்று.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில், பூக்கடையில், கோயில் பிரகாரத்தில் எல்லாரும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு பெரிய வீரரைக் கட்டிக்கினு இருந்திருக்கே, சொல்லவே இல்லையே ஆயா!"

"வீரர் இல்லம்மா. லாரி டிரைவர். ரோடு சரிஞ்சு போயிட்டார்."

"பாவம், வயசாயிடுச்சு. மறந்துபோச்சு."

இப்படிச் சொல்லி அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அம்மா விடமாட்டாள். ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, மாவு, உருளைக்கிழங்கு, மழை, ரோடு என்று திரும்பவும் சொல்லுவாள். சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் பரிதாபம் ஏறும். ஒரு நாளும் எதையும் மறக்காதவள் என் அம்மா. கடன் இல்லாமல், பிறர் கையை எதிர்பார்க்காமல் எங்களை வளர்த்தவள். அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக ஒரு சந்தே பேசியது, அவள் உண்மையைச் சொன்னதற்காக. கொஞ்ச நாளில் அவள் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக் கோயில் மட்டும், அதுவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு.

நவராத்திரி ஆரம்பித்தது. லாரி இன்னும் வரவில்லை. டிஸ்ப்ளே நன்றாக இருக்கிறது என்று கிளப் ஹவுஸிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கேட்டால், "அடுத்த வாரம் அண்ணா" என்றார்கள். அம்மா மூட்டைத் துணியைத் துவைத்துக் காயவைத்துவிட்டு, "வண்டி எப்ப வரும்?" என்று என்னைக் கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. டிரங்குப் பெட்டி கொண்டுவந்த ஆளைக் கேட்ட அதே குரல்.

மறுநாள் பகலிலேயே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. ஒரு பெரிய கட்டைப்பையும் திருப்புளியும் எடுத்துக்கொண்டேன்.

செக்யூரிட்டி தடுத்தான். கன்னடத்தில் நான் போட்ட சத்தத்தில் தலைவரே இறங்கி வந்துவிட்டார்.

"அம்மா, உள்ள வாங்க, காபி சாப்டுங்க, பேசலாம்."

"காபி வேணாம் சார். எங்க வண்டியைக் குடுங்க."

"கண்டிப்பா. தீபாவளி வரைக்கும் இருக்கட்டுமே? பசங்க அவ்ளோ ஆசையா பாக்கறாங்க."

"பசங்க இன்னாத்தைப் பாக்கறாங்க? எங்கப்பா தூக்காத துப்பாக்கியையா? யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"லாரி காலியா இருந்துச்சும்மா. பாக்க ஒரு மாதிரி வெறுமையா இருந்துச்சு. அதான் நம்ம ஃப்ரெண்ட் ஒருத்தர் ஆசையா பண்ணிக் குடுத்தார். தப்பா எதுவும் சொல்லலையே, உங்கப்பாவைப் பெருமைப்படுத்தத்தானே செஞ்சோம்?"

"எங்கப்பாவுக்கு இன்னா பெருமை கொறைஞ்சு போச்சுன்னு நீங்க சேத்தீங்க?"

"எமோஷனலா எடுத்துக்கறீங்க. நான் சொல்றது என்னன்னா, உருளைக்கிழங்கு ஏத்திட்டுப் போனார்னு போர்டு வெச்சா, யார்மா நின்னு படிப்பா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் ஆறவில்லை. கெட்டவனாக இருந்தால் சாபம் கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இவர் பூஜை அறை வைத்திருக்கிறவர், நெற்றியில் குங்குமம் வைக்கிறவர். பனியில் நிற்கிற பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுபோகிற வழியில் ஒருத்தன் செத்தான் என்பது இவருக்கு நின்று படிக்கிற விஷயமாகத் தெரியவில்லை.

"சார், நீங்க படிச்சவங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மேல துப்பாக்கி பிடிச்சு நின்னவங்க இன்னா தின்னுட்டு நின்னாங்க?"

அவர் போனைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிடச் சொன்னார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். என் கைக்குப் பழக்கமில்லாத வேலை, திருப்புளி வழுக்கிப் பலகையில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தேன். "இது உங்களுது." தார்ப்பாயைக் கேட்டேன். அழுக்குத் துணி என்று தூக்கிப் போட்டுவிட்டார்களாம். பஸ்ஸில் லாரியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏன்ரீ, மொம்மகனிகா? சென்னாகிதே" என்றாள். பேரனுக்கு வாங்கிக்கொண்டு போகிறேன் என்று நினைத்து, நன்றாக இருக்கிறது என்கிறாள். "இல்லம்மா, எங்கப்பாவுது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் அழுதேன்.

அம்மா லாரியைக் கையில் வாங்கி, பலகையில் இருந்த ஓட்டைகளை விரலால் தடவினாள்.

"நான் மூட்டையை எறக்காம இருந்திருந்தா இது நடந்திருக்குமா? காலி வண்டியை அனுப்பினது நான்தானே. எடம் காலியா இருந்தா எவனாவது எதையாவது வெக்கத்தானே செய்வான்."

ஒரு ஆயுள் முழுக்க அந்த மூட்டைக்காக ஏங்கினவள், கடைசியில் பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவர்கள் யாரும் ஒரு நாளும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். என் கோபத்துக்கெல்லாம் அடி வேர் இதுதான்.

வீட்டுக்காரர் ஓட்டைகளில் மரமுளை அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கூண்டுக்குப் புதிதாக வளைவுகள் செய்தார். நான் இன்னொரு பாவாடையைக் கிழித்தேன். ஆயுத பூஜை நடந்தது, சுண்டைக்காய் நசுங்கியது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒன்று, "ஆயா, இந்த லாரியில கன் இருந்துச்சே, எங்க?" என்று கேட்டது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மாவு, உருளைக்கிழங்கு, மழை, ரோடு.

சில வருஷம் கழித்து அம்மா போய்விட்டாள். படுக்கையில் கிடந்து யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், கார்த்திகை மாசத்து ஒரு காலையில். எங்கள் பக்கத்தில் சாவு என்றால் முதலில் வருவது ஃப்ளெக்ஸ் பேனர். தம்பிதான் ஏற்பாடு செய்தான். தெருமுனையில் கட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை. வாசலில் இன்னொன்றைக் கட்டும்போதுதான் பார்த்தேன். அம்மாவின் படம் பெரிசாக. அதற்குக் கீழே, எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய மாவீரரின் துணைவியார் என்று. அம்மாவின் தோளுக்குப் பின்னால் அந்த லாரி, துப்பாக்கியோடு.

அடுப்படிக்குப் போய் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தேன். சாவு வீட்டில் கத்தியோடு வருகிறாளே என்று பெண்கள் விலகினார்கள். ஸ்டூலைப் போட்டு ஏறி, அந்த வரியையும் அந்த லாரியையும் பேனரிலிருந்து அறுத்தேன். அம்மா முகத்தில் ஒரு கீறலும் படவில்லை.

தம்பி ஓடி வந்தான். "அக்கா! ஊரே பாக்குது, எறங்கு! பைத்தியமா உனக்கு?"

"அம்மாவையும் இதையேதான்டா சொன்னீங்க."

"இன்னா இப்ப? அவங்க போயிட்டாங்க. இனிமே யாருக்கு நஷ்டம்?"

"உயிரோட இருந்த வரைக்கும் தினம் தினம் இல்லை இல்லைன்னு சொன்னவடா. பேச முடியாம படுத்திருக்கறப்ப அவ மூஞ்சிக்குக் கீழயே எழுதறியே, உனக்குக் கை வந்ததா?"

அவன் முகம் உடைந்துவிட்டது. "எனக்கு அவர் மூஞ்சியே ஞாபகம் இல்ல அக்கா. உனக்கு அவர் தோள்ல ஏறினது ஞாபகம் இருக்கு, பீடி வாசனை ஞாபகம் இருக்கு. எனக்கு இன்னா இருக்கு? ஸ்டாண்டுல பசங்க இப்பத்தான் என்னை மதிக்கறாங்கோ. இதாவது இருக்கட்டுமே."

பாவமாகத்தான் இருந்தது. என் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். ஆனால் அந்தப் பாவத்துக்காக நான் கத்தியைக் கீழே போடவில்லை. "ஞாபகம் இல்லன்னா என்னைக் கேளுடா, நான் சொல்றேன். ஊர்ல இருக்கறவனைக் கேட்டு அப்பா செஞ்சுக்காத" என்றேன். தெருமுனைப் பேனரையும் போய் அறுத்துவிட்டு வந்துதான் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டேன். அவன் இன்றைக்கும் பண்டிகைக்கு வருவான், சாப்பிடுவான், அப்பா பேச்சு எடுத்தால் எழுந்துவிடுவான். என்னைக் கேட்டதே இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், சமீபத்தில் எங்கள் கோயில் வாட்ஸப் குரூப்பில், முகம் தெரியாத யாரோ அந்த வீடியோவை மறுபடி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை அப்பா லாரியை எதிரி முகாமுக்குள்ளேயே ஓட்டிப்போய் வெடிக்க வைக்கிறார். அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வாய் அசைகிறது, குரலே இல்லை. குரலை எடுத்துவிட்டுப் பாட்டு போட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன அந்த ஒரே உண்மையையும் இப்போது யாரும் கேட்க முடியாது.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் லாரி ஓட்டினார். யாரையும் சுடவில்லை. மாவும் உருளைக்கிழங்கும் கொண்டு போனார், மழையில் ரோடு சரிந்தது, செத்துப்போனார். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், வேண்டுமானால் அனுப்புங்கள். ஆனால் இதில் ஒரு குண்டைக்கூடச் சேர்க்காதீர்கள். உருளைக்கிழங்கு கௌரவக் குறைச்சல் என்று எடுத்தும் விடாதீர்கள். சொல்ல அலுப்பாக இருந்தால் சொல்லாமலே விட்டுவிடுங்கள், அது பாவமில்லை. சொன்னால் என் அம்மா சொன்னபடி சொல்லுங்கள்.